ஹவாய் மொழியில் அன்னாசி ஏன் தாழை ஆனது?

ஹவாய் என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது அன்னாசி. ஆனால் அன்னாசி அந்தத் தீவுகளின் செடியே இல்லை. தென்னமெரிக்காவிலிருந்து வந்தது, அங்கே பெரும் பணப்பயிராக ஆனதும் 20ஆம் நூற்றாண்டில்தான். ஹவாய் மொழியில் அதற்குப் பெயர் ‘ஹலா கஹிக்கி’. ஹலா என்றால் தாழை. கஹிக்கி என்றால் கடலுக்கு அப்பால் இருக்கும் நாடு, நாம் சீமை என்று சொல்வதைப் போல. ஆக, அன்னாசி அங்கே சீமைத்தாழை. தாழையில் காய்க்கும் அந்த உருண்டையான, கட்டம் கட்டமாகப் பிரிந்த காயைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. இலையும் அதே மாதிரி நீளமாக, ஓரத்தில் முள்ளோடு இருக்கும். தமிழிலும் அன்னாசிக்குச் செந்தாழை என்று ஒரு பெயர் உண்டு, மலையாளத்தில் அது கைதச்சக்க, அங்கே கைத என்பது தாழைதான். ஒருவரை ஒருவர் கேட்காமலே எல்லோரும் ஒரே மரத்தை நினைத்திருக்கிறார்கள்.

தெரியாத செடியைத் தெரிந்த செடியின் பெயரால் கூப்பிடுவது எல்லா ஊரிலும் நடப்பதுதான். ஹவாயில் அதில் என்ன விசேஷம் என்றால், அங்கே போய்ச் சேர்ந்த முதல் மனிதர்களுக்கு ஒரு முழுத் தீவுக்கூட்டத்தின் காட்டுக்கே பெயர் வைக்க வேண்டிய வேலை வந்தது. அந்த வேலையின் தடயம் இன்றும் பெயர்களில் அப்படியே இருக்கிறது. எது கையோடு வந்தது, எது அங்கே புதிதாகக் கிடைத்தது, எது பிறகு கப்பலில் வந்து இறங்கியது என்பதை, செடிகளின் பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டே ஓரளவு சொல்லிவிடலாம்.

ஹவாய் மொழியைத் தமிழ் எழுத்தில் எழுதுவது ஆங்கில எழுத்தைவிட ஒரு விதத்தில் சுலபம், ஏனென்றால் ஐந்து உயிர், ஒவ்வொன்றுக்கும் குறில் நெடில் என்ற கணக்கு நமக்கு ஏற்கெனவே இருக்கிறது, எகர ஒகரக் குறில் உட்பட. மெய் எட்டே எட்டுதான். அதில் ஒன்று தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறக்கும் ஒலி, அதற்கு நம்மிடம் எழுத்து இல்லை. அது வரும் இடத்தில் ‘ஓஹிஆ’ என்பது போல உயிரெழுத்தைத் தனியாக விட்டு எழுதுகிறேன், அங்கே சற்று நிறுத்திப் படித்தால் போதும். சில சொற்களின் கடைசிக் குறிலை நம் வாய்க்கு ஏற்ப நீட்டியும் இருக்கிறேன்.

ஹவாய் உலகின் மிக ஒதுங்கிய தீவுக்கூட்டங்களில் ஒன்று. கலிஃபோர்னியாக் கரையிலிருந்தே சுமார் 3,800 கிலோமீட்டர். தெற்கே மார்க்கேசஸ், டஹிட்டி தீவுகளின் பக்கத்திலிருந்து, பசிபிக் கடல் தீவுகளில் பரவிய பாலினீசிய மக்கள் இரட்டைத் தோணிகளில் அங்கே போய்ச் சேர்ந்தது ஏறக்குறைய கி.பி. 1000க்கும் 1200க்கும் இடையில் என்பதே இப்போது பெரும்பாலானவர்கள் ஏற்கும் கணக்கு. வெறுங்கையோடு போகவில்லை. இருபத்துச் சொச்சம் செடிகளைக் கிழங்காக, பதியனாக, கொட்டையாகத் தோணியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சேம்பு, ஈரப்பலா, கரும்பு, வாழை, மஞ்சள், தென்னை, வேரிலிருந்து பானம் செய்யும் கவா, நுணா இனத்து நோனி என்று அந்தப் பட்டியல் நமக்கு வேற்றூர்ப் பட்டியலாகத் தெரியாது. இவற்றில் பல ஆசியாவின் பயிர்கள்தான், கிழக்கே தீவு தீவாகத் தாவிப் போனவை.

இப்படிக் கையோடு போனவற்றின் பெயர்கள் பெரும்பாலும் மாறவே இல்லை. ஒலி மட்டும் கொஞ்சம் திரிந்தது. தென்னை ஹவாயில் நியு, சமோவாவிலும் டோங்காவிலும் நியு, பழைய மலாயில் ஞியூர். சேம்பு நியூசிலாந்து மாவோரியில் டாரோ, சமோவாவில் டாலோ, ஹவாயில் கலோ. டகரம் ககரமாக மாறுவது ஹவாய் மொழியின் வழக்கம், விதிவிலக்கே இல்லாத மாதிரி மாறும். டஹிட்டி என்ற ஊர்ப்பெயர் கஹிக்கி ஆனதும் இதே விதியால்தான். முதலில் அந்த ஒரு தீவுக்கான பெயர், பிறகு வெளிநாடு எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர். சரி, பழைய ககரம் எங்கே போனது? அது தொண்டை அடைப்பு ஒலியாக மாறி, நம் காதுக்கு ஏறத்தாழ மறைந்தே போனது. அதனால் சர்க்கரைவள்ளிக்கிழங்குக்கு மாவோரியில் கூமரா, ஹவாயில் உவாலா. முதல் ககரம் அடைப்பாகி, ரகரம் லகரமாகி, நடுவில் மகரமும் உதிர்ந்து, பார்த்தால் அடையாளமே தெரியாது.

அந்தச் சர்க்கரைவள்ளி ஒரு தனிக்கதை. அது தென்னமெரிக்கக் கிழங்கு. கொலம்பஸுக்கு முன்பே பாலினீசியாவில் பயிராகியிருக்கிறது, மண்ணில் கிடைத்த கருகிய துண்டுகளே சாட்சி. கூமரா என்ற பெயருக்கு நெருங்கிய சொற்கள் ஈக்வடார், பெரு பக்கத்துப் பழங்குடி மொழிகளில் இருப்பதாகப் பல மொழியியலாளர்கள் காட்டுகிறார்கள். 2020இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு, கி.பி. 1200 வாக்கில் கிழக்குப் பாலினீசியர்களும் தென்னமெரிக்கர்களும் சந்தித்துக் கலந்திருக்கிறார்கள் என்றது. மரபணு இப்போது சொல்வதைக் கிழங்கின் பெயர் எப்போதோ சொல்லிக்கொண்டிருந்தது, கேட்கத்தான் ஆள் குறைவு.

இனி காட்டுக்கு வருவோம். ஹவாயின் பூக்கும் இயல்செடிகளில் பத்தில் ஒன்பது வேறெங்கும் இல்லாதவை. தோணியில் வந்தவர் காட்டுக்குள் நுழைந்தால் பெயர் தெரியாத மரங்கள்தான் சுற்றிலும். எல்லாமே அப்படி இல்லை, கரையோரத்தில் தாழை ஏற்கெனவே நின்றது (ஹவாய்க் கூட்டத்தில் ஒன்றான கவாய் தீவில் 10 லட்சம் ஆண்டுகளுக்கும் பழைய தாழைத் தடயம் பாறைக்குள் கிடைத்திருக்கிறது), அதைப் பார்த்ததும் ஹலா என்று கூப்பிட்டிருப்பார்கள். ஆனால் மேலே போகப் போகப் பழைய ஊரின் சொற்கள் தீர்ந்துவிடும். அப்போதுதான் பெயரைத் தூக்கி வேறு மரத்தின் மேல் வைக்கும் வேலை தொடங்குகிறது.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஓஹிஆ. ஆதிப் பாலினீசியத்தில் ‘கஃபிகா’ என்ற சொல் இருந்தது என்று ஒப்பிட்டுக் கண்டிருக்கிறார்கள். அது நம் நாவல் மரத்தின் பேரினத்தைச் சேர்ந்த, மலாய் ஆப்பிள் என்று சொல்லப்படும் சிவப்புப் பழ மரத்தின் பெயர். ஃபிஜியில் இன்றும் அது கவிகா. டஹிட்டியில் அஹிஆ. ஹவாய்க்காரர்கள் அந்த மரத்தையும் தோணியில் கொண்டுபோனார்கள், பெயர் ஓஹிஆ என்று திரிந்தது. அதன் பூவில் இதழ் பெயருக்குத்தான், கண்ணில் படுவதெல்லாம் குஞ்சம் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் கருஞ்சிவப்பு மகரந்தத் தாள்கள். மலையேறிப் பார்த்தால் அங்கே வேறொரு மரம், அதே மாதிரி செங்குஞ்சப் பூ, காடு முழுக்க. பழம் மட்டும் இல்லை, ஒன்றுக்கும் உதவாத சின்ன உலர்காய். அதற்கும் ஓஹிஆ என்றே பெயர் வைத்தார்கள். பிறகு குழப்பம் வராமல் இருக்க, பழம் தருவது ‘ஓஹிஆ அய்’, அதாவது தின்கிற ஓஹிஆ. மலையில் இருப்பது ‘ஓஹிஆ லெஹுவா’. பின்னால் வந்த தாவரவியலாளர்கள் இரண்டையும் ஒரே குடும்பத்தில், நாவலும் கொய்யாவும் இருக்கும் குடும்பத்தில்தான் வைத்தார்கள்.

அதே பழைய சொல் நியூசிலாந்துக்குப் போனபோது அங்கே மலாய் ஆப்பிளும் விளையாது, குளிர். மாவோரிகள் கஹிகா என்ற பெயரை ஓர் ஊசியிலை மரத்துக்குக் கொடுத்தார்கள், கஹிகாட்டேஆ. உருவத்தில் இரண்டுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் அதில் சிவப்பாக, சதைப்பற்றாக, தின்னக்கூடிய ஒன்று காய்க்கும். ஹவாய்க்காரர் பூவைப் பார்த்துப் பெயரை நகர்த்தினார், மாவோரி பழத்தைப் பார்த்து நகர்த்தினார் என்றுதான் எனக்குப் படுகிறது. தென்னைக்கும் அங்கே இதே கதி. நியூசிலாந்தில் தென்னை வளராது, எனவே நியு என்ற சொல்லுக்கு மரம் இல்லாமல் போய், குறி பார்க்கும் குச்சிகளுக்கான பெயராக எஞ்சியது. மற்றத் தீவுகளில் தென்னையோலையைக் குறிக்கும் நீகாவ் என்ற சொல் மட்டும், அங்கே காட்டில் நின்ற ஒரு பனைக்குப் பெயரானது. ஹவாயில் அதே சொல் நீஆவ், அர்த்தம் ஓலை ஈர்க்கு.

அந்த ஈர்க்கில் ஒரு விளக்கும் இருக்கிறது. குக்குயி என்ற மரத்தின் கொட்டையில் எண்ணெய் அதிகம். ஓட்டை உடைத்துப் பருப்பை எடுத்து, ஈர்க்கில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்து, மேல் பருப்பைப் பற்றவைத்தால் ஒவ்வொன்றாக எரிந்து கீழே இறங்கும். மற்றப் பாலினீசிய மொழிகளில் மரத்தின் பெயர் டுயிடுயி, அதில் டுயி என்பது குத்திக் கோப்பது. டகரம் ககரமானால் குக்குயி. ஹவாய் மொழியில் இந்த மரத்தின் பெயரே விளக்குக்கும் பெயராகி, மின்சாரம் வந்தபோது மின்விளக்கு ‘குக்குயி உயிலா’ ஆனது, உயிலா என்றால் மின்னல். 1959இல் ஹவாய் அமெரிக்க மாநிலமான அதே ஆண்டு குக்குயி மாநில மரமாகவும் ஆனது.

ஐரோப்பியக் கப்பல்கள் 1778இல் வந்து சேர்ந்தன, அப்புறம் செடிகள் குவியத் தொடங்கின. பெயர் வைக்கும் பழைய பழக்கம் மறுபடியும் வேலை செய்தது. உருளைக்கிழங்கு ‘உவாலா கஹிக்கி’, சீமைச் சர்க்கரைவள்ளி. தக்காளியின் சிவப்பையும் சதையையும் பார்த்து அதற்கும் ஓஹிஆ, பிசைகிற ஓஹிஆ என்ற பொருளில் ‘ஓஹிஆ லோமி’. ஒரே சொல் பழத்திலிருந்து காட்டு மரத்துக்கும், அங்கிருந்து தக்காளிக்கும் போயிருக்கிறது. சிலவற்றுக்கு வந்த பெயரையே வைத்துக்கொண்டார்கள். மாம்பழம் மனக்கோ. இது ஆங்கில மேங்கோதான், ஆனால் அந்த மேங்கோ போர்த்துக்கீசியத்திலிருந்து வந்தது, போர்த்துக்கீசியருக்கு அது நம் மாங்காயிலிருந்து போனது. ஹோனலுலு சந்தையில் தமிழ்ச்சொல் ஒன்று, மூன்று நான்கு வாய் மாறிய கோலத்தில். 1828இல் ஹோனலுலு கத்தோலிக்கத் தோட்டத்தில் நட்ட ஒரு முள்மரத்துக்கு கியாவே என்று பெயர் வந்தது, அசைந்தாடுவது என்று பொருள். அழகான பெயர்தான். மரம் யார் தெரியுமா, நம் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய சொந்தம். அங்கேயும் வறண்ட கரையோரங்களைப் பிடித்துக்கொண்டது.

சொல் எவ்வளவு நுட்பமாகப் போகும் என்று பார்க்க வேண்டுமானால் கலோவிடம் போக வேண்டும். அதுதான் அவர்களின் சோறு. கிழங்கை வேகவைத்து, இடித்து, நீர்விட்டுப் பிசைந்தால் பொய் என்ற கூழ் (தமிழில் எழுதும்போது இந்தப் பெயர் பாடாய்ப் படுத்துகிறது, உச்சரிப்பு ஏறத்தாழ போய்). தாய்க்கிழங்குக்கு ஒரு சொல், பக்கத்தில் வெடிக்கும் குட்டிக்கு ஒஹா, தண்டுக்கு ஹா, தண்டும் இலையும் சேரும் இடத்துக்குப் பிக்கோ, அதாவது தொப்புள். கிழங்கை வெட்டி எடுத்தபின் தலைப்பகுதியோடு தண்டைச் சேர்த்து மறுபடி நடுவார்கள், அந்த நாற்று ஹூலி. வகைகளுக்கு முன்னூறு பெயர்கள் வரை இருந்ததாகச் சொல்வதுண்டு, இன்று கையில் இருப்பவை அதில் ஒரு பகுதிதான். பெயர் வைத்த விதம் வேடிக்கையானது: தண்டில் கோடு கோடாக இருந்தால் மனினி, அது பவளப்பாறையில் திரியும் வரி மீனின் பெயர். தண்டு சிவந்திருந்தால் கூமூ, அதுவும் சிவப்பு மீன். இலை குழிந்து மழைநீரைத் தாங்கினால் அப்புவய், தண்ணீர்க் கிண்ணம். வயலில் நிற்கும் பயிருக்குக் கடலிலிருந்து பெயர் எடுப்பதில் அவர்களுக்குத் தயக்கமே இல்லை, வயலுக்கும் கடலுக்கும் நடை தூரம்தானே.

கலோவைப் பற்றிய கதையும் தெரிந்திருக்க வேண்டும். வானத் தந்தை வாக்கேயாவுக்கும் ஹோஒஹோக்கூகலானிக்கும் முதல் குழந்தை இறந்தே பிறந்தது. புதைத்த இடத்தில் முளைத்தது கலோ. அடுத்துப் பிறந்த ஹாலோஆ மனிதகுல மூதாதை. ஆகவே கலோ மனிதனுக்கு அண்ணன். பொய்ப் பாத்திரம் திறந்திருக்கும்போது சண்டை போடக்கூடாது என்பது வீட்டு வழக்கம், அண்ணன் முன்னால் சத்தம் போடுவதா என்ற எண்ணம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குடும்பத்துக்கான ஒஹனா என்ற சொல் இப்போது உலகப் புகழ். அது ஒஹாவிலிருந்து, கிழங்கின் பக்கக்குட்டியிலிருந்து வந்தது என்ற விளக்கம் சுற்றுலாத் துண்டறிக்கை வரை வந்துவிட்டது. ஹவாய் மொழியை ஆழமாக அறிந்த மேரி கவேனா புக்குயி போன்றவர்களே இந்த விளக்கத்தைத் தந்திருப்பதால் அதைச் சும்மா தள்ளிவிட முடியாது. ஆனால் ஒலி விதிப்படி பார்த்தால் ஒஹனாவின் உடன்பிறப்பு மாவோரியின் கோஹங்கா, பறவைக்கூடு என்று பொருள். ககரம் அடைப்பாவதும் ஙகரம் னகரமாவதும் வழக்கமான மாற்றங்கள். எனக்கு இரண்டாவதுதான் உறுதியாகப் படுகிறது. முதலாவது அந்த மக்கள் தங்கள் சொல்லைத் தாங்களே புரிந்துகொண்ட விதம், அதற்கும் மதிப்பு உண்டு, ஆனால் அது வேறு கேள்விக்கான பதில்.

இடத்துக்கான சொற்களும் இதே கண்ணோடுதான். ஹோனலுலுவில் இன்றும், ஆங்கிலம் மட்டுமே பேசுபவர்கள்கூட வழி சொல்லும்போது வடக்கு தெற்கு என்பதில்லை. மவுக்கா என்றால் மலைப்பக்கம், மக்கய் என்றால் கடற்பக்கம். வட்டமான தீவில் இதுதான் பிசகாத திசை, தீவைச் சுற்றி வந்தாலும் மாறாது. மலைக்கும் கடலுக்கும் நடுவே அடுக்கடுக்காகப் பெயர்கள்: கரை, வறண்ட சமவெளி, மனிதர்கள் புழங்கும் காடு, அதற்கு மேலே மேகம் தங்கும் வவோ அக்குவா, தெய்வங்களின் காடு. அங்கே நினைத்தபடி மரம் வெட்டப் போக மாட்டார்கள், அனுமதி கேட்டுத்தான். நீர்ப்பிடிப்புக் காடு எது, அதைத் தொடலாமா கூடாதா என்ற முடிவு அந்தப் பெயருக்குள்ளேயே இருந்தது.

எரிமலை நிலத்துக்கான சொற்களை உலகமே கடன் வாங்கிக்கொண்டது. வழுவழுப்பாக, கயிறு திரித்தாற்போல் உறையும் குழம்பு பாஹோயெஹோயெ, காலைக் கிழிக்கும் சரளையாக உறைவது அஆ. எந்த நாட்டு எரிமலையானாலும் நிலவியலாளர்கள் இந்தச் சொற்களைத்தான் எழுதுகிறார்கள். கீப்புக்கா என்று இன்னொன்று உண்டு. எரிமலைக் குழம்பு ஓடும்போது ஒரு மேட்டைச் சுற்றிக்கொண்டு போய்விடும், அந்த மேட்டில் மட்டும் பழைய காடு அப்படியே நிற்கும், சுற்றிலும் கருங்கல் பாலை. அந்தத் திட்டுதான் கீப்புக்கா. சுற்றுப்புறம் மறுபடி பச்சையாவதற்கு விதை அங்கிருந்துதான் பறக்கும், முதலில் வந்து முளைப்பதும் பெரும்பாலும் ஓஹிஆதான், பாறை வெடிப்பில் வேர்விட்டு.

மழைக்கு இருநூறுக்கும் மேற்பட்ட பெயர்கள் பதிவாகியிருக்கின்றன. தூறல், சாரல், அடைமழை என்று வகை பிரிப்பது மட்டுமில்லை, பல பெயர்கள் ஒரு குறிப்பிட்ட ஊருக்கே உரியவை. ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஹிலோ நகரின் மழை கனிலெஹுவா, ஓஹிஆவின் பூவான லெஹுவாவில் ஓசை எழுப்பும் மழை. மானோவா பள்ளத்தாக்கின் மழை டூஅஹினே. பாட்டில் கனிலெஹுவா என்று வந்தால் ஊர்ப்பெயரைச் சொல்லவே வேண்டாம். ஹிலோவில் ஒரு முக்கியச் சாலைக்கே அந்தப் பெயர்.

நிலமும் கடலும் ஜோடி சேர்வதைக் குமுலிப்போ என்ற படைப்புப் பாடலில் பார்க்கலாம். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அடிகள், வாய்மொழியாக வந்ததை 1889இல் கலாக்காவா மன்னர் அச்சில் கொண்டுவந்தார். அதில் ஒரு பகுதி முழுக்கக் கடலில் பிறந்ததற்கு நிலத்தில் ஒரு காவல் என்று போகும், பெரும்பாலும் பெயர் ஒலியை வைத்தே ஜோடி. கடலில் மனாவுவேயா என்ற பாசி பிறந்தது, கரையில் மனாவுவேயா என்ற கலோ அதைக் காக்கிறது. கடலில் கோஎலெஎலெ என்ற பாசி, கரையில் அதே பெயர் கொண்ட கரும்பு. பெயர்களை இரண்டிரண்டாகக் கட்டிவிட்டால் ஒன்றை மறந்தாலும் மற்றது இழுத்துக்கொண்டு வரும்.

இவ்வளவு சொற்கள் நமக்குக் கிடைத்ததே பெரிய விஷயம். 1896இல் வந்த சட்டம் பள்ளிகளில் ஆங்கிலத்தை மட்டுமே பயிற்றுமொழி ஆக்கியது. 1980களின் தொடக்கத்தில் அந்த மொழியைப் பேசும் குழந்தைகள் விரல்விட்டு எண்ணும் நிலை, நீஇஹாவ் என்ற சின்னத் தீவில்தான் அது வீட்டு மொழியாக மிஞ்சியது. காப்பாற்றியதில் பெரும் பங்கு பழைய செய்தித்தாள்களுக்கு. 1834 முதல் 1948 வரை நூறுக்கும் மேற்பட்ட ஹவாய்மொழி இதழ்கள் வந்திருக்கின்றன, ஒரு லட்சம் பக்கங்களுக்கு மேல். காற்றின் பெயர், மழையின் பெயர், மூலிகை என்று மக்கள் அதில் எழுதித் தள்ளியிருக்கிறார்கள். 1978இல் அது மாநில ஆட்சிமொழிகளில் ஒன்றானது. 1984இல் முதல் ஹவாய்வழி மழலையர் பள்ளி கவாயில் திறந்தது, மாவோரிகள் அதற்குச் சற்று முன் தொடங்கிய பள்ளிகளைப் பார்த்து. மாவோரிப் பள்ளியின் பெயர் கோஹங்கா ரெயோ, மொழிக்கூடு. ஹவாயில் பூனனா லெயோ, குரல்கூடு.

மொழி மீண்டதன் பலன் எதிர்பாராத இடத்தில் தெரிந்தது. 2010 வாக்கில், கூட்டத்திலேயே பெரிய தீவான ஹவாய்த் தீவின் புனா வட்டாரத்தில் ஓஹிஆ மரங்கள் திடீர் திடீரென்று கருகத் தொடங்கின. 2014இல் காரணம் ஒரு பூஞ்சை என்று கண்டார்கள், பிறகு அது ஒன்றல்ல, அறிவியலுக்கே புதிதான இரண்டு இனங்கள் என்று தெரிந்தது. 2018இல் அவற்றுக்குப் பெயர் வைத்தபோது ஹவாய்ச் சொற்களையே எடுத்தார்கள்: ஒன்று செரட்டோசிஸ்டிஸ் லுக்குஓஹிஆ, லுக்கு என்றால் அழிப்பது, மற்றது ஹூலிஓஹிஆ, ஹூலி என்றால் புரட்டுவது, மாற்றுவது. முதலாவது நீர்க்குழாய்களை அடைத்து மரத்தைச் சில வாரங்களிலேயே சாய்க்கக் கூடியது, இரண்டாவது மெதுவாகக் கொல்லும், பெயர்களில் அந்த வேறுபாடு தெரிகிறது. இதுவரை பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள் போய்விட்டன. பட்டையில் காயம் பட்டால்தான் பூஞ்சை உள்ளே போகும், ஆனால் செருப்பில் ஒட்டிய மண்ணோடு அது காடு விட்டுக் காடு போகக்கூடும் என்பதால் காட்டுப்பாதை வாசல்களில் செருப்பு தேய்க்கத் தூரிகையும் 70 சதவீத ஆல்கஹாலும் வைத்திருக்கிறார்கள். ஹிலோவில் ஆண்டுதோறும் நடக்கும் ஹூலா நடன விழாவுக்கு லெஹுவா மாலை இல்லாமல் வருவது ஒரு காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாதது. இப்போது பல குழுக்கள் வேறு பூவைக் கட்டிக்கொண்டு வருகின்றன.